மேலே போய் மேகத்தைப் பார்த்த பெட்டி

ஒரு சேதி. அடக்கி வைக்க முடியவில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உலகத்தின் முதல் வெற்றிகரமான வானிலைச் செயற்கைக்கோள் இன்னும் மேலேதான் இருக்கிறது! 1960-ல் ஏவப்பட்ட டைரோஸ்-1 அந்த வருஷமே தன் வேலையை முடித்துவிட்டது. ஆனால் விழவில்லை, எரிந்து சாம்பலாகவும் இல்லை. ஏறக்குறைய நூறு நிமிடத்துக்கு ஒரு தரம் பூமியைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

அதன் பாதை வடக்கே 48 பாகை வரை ஏறும், தெற்கே 48 பாகை வரை இறங்கும். நம் திண்டுக்கல் மாவட்டத்து நத்தம் இருப்பது வடக்கே 10 பாகையைத் தாண்டிக் கொஞ்சம். கணக்கு சரியாக வருகிறதா? சிறுமலை ஒரு பக்கம், கரந்தமலை ஒரு பக்கம், அழகர்மலை ஒரு பக்கம் என்று மலைகள் சூழ நிற்கும் இந்த ஊர் வானத்தையும் அந்தப் பெட்டி திரும்பத் திரும்பக் கடந்திருக்கிறது, இனியும் கடக்கும். செந்தூர மாமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருப்பவரின் தலைக்கு மேலேயும் அது போயிருக்கிறது. எனக்கு இதை நினைத்தாலே கால் தரையில் நிற்க மாட்டேன் என்கிறது.

பங்குனி, சித்திரையில் நத்தம் மாந்தோப்புகளில் ஒரு பேச்சை அடிக்கடி கேட்கலாம். “ஏண்ணே, இன்னிக்கு ராத்திரி காத்து இருக்குமா?” “இருப்பா, போன்ல மேகத்தப் பாத்துட்டுச் சொல்றேன்.” பூவைப் பார்த்துத் தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவருக்குக் கோடை மழையோடு வரும் ஒரு சூறைக்காற்று போதும், காய் மொத்தமும் தரையில். முன்பு ஈசானி மூலையில் மின்னுகிறதா, தட்டான் தாழப் பறக்கிறதா, எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேடேறுகிறதா என்று பார்த்தார்கள். இப்போதும் பார்க்கிறார்கள். அதோடு போனையும் பார்க்கிறார்கள். அந்த போனில் வெள்ளை வெள்ளையாக நகர்கிறதே மேகப்படம், அதற்குத்தான் இந்தப் பெட்டி மூத்த முன்னோர். அது எப்படிப் பிறந்தது, உள்ளே என்ன இருந்தது, யார் யார் கைபட்டு அந்தப் படம் வந்தது என்று திரைக்குப் பின்னால் போய்ப் பார்ப்போம், வாருங்கள்.

படம் எடுக்கும் முன்பே படம் வரைந்தவர்

ஹாரி வெக்ஸ்லர். அமெரிக்க வானிலைத் துறையில் ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைவர். 1944-ல் ஒரு பெரும்புயலுக்குள்ளேயே விமானத்தில் போய் அதன் நடுவைப் பார்த்துவிட்டு வந்த ஆள்! உள்ளே போய்ப் பார்த்தாயிற்று, இனி மேலே போய்ப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அப்படிப்பட்டவருக்கு வராமல் இருக்குமா?

1954. உலகின் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் பறக்க இன்னும் மூன்று வருஷம் பாக்கி. நியூயார்க்கின் ஹேடன் கோளரங்கில் விண்வெளிப் பயணம் பற்றி ஒரு கருத்தரங்கு. அங்கே வெக்ஸ்லர் ஓர் ஓவியத்தோடு வந்து நின்றார். பூமிக்கு மேலே 6,400 கிலோமீட்டர் உயரத்தில் நின்று குனிந்து பார்த்தால் வட அமெரிக்காவின் மேகங்கள் எப்படித் தெரியும் என்று காட்டும் ஓவியம் அது. யாரும் அந்த உயரத்துக்குப் போனதில்லை. தரையில் அளந்த காற்று, அழுத்தம், மழை ஆகியவற்றை வைத்துக்கொண்டு, புயல் இருந்தால் இப்படிச் சுருண்டிருக்கும், இடிமேகம் இருந்தால் இப்படி வரிசை கட்டும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டு வரையவைத்த காட்சி. ஆறு வருஷம் கழித்து உண்மைப் படம் வந்தபோது, மேகங்கள் அவர் நினைத்ததைப் போலவே வடிவம் வடிவமாக ஒழுங்கு கட்டி நின்றன. ஒரு விஞ்ஞானிக்கு இதைவிடப் பெரிய பரிசு என்ன இருக்கிறது!

உளவு பார்க்கப் போட்ட திட்டம்

இது நிஜமான திரைமறைவுக் கதை. டைரோஸின் தொலைக்காட்சிக் கேமரா யோசனை மேகத்துக்காகப் பிறந்ததே இல்லை. ஆர்.சி.ஏ. என்ற அமெரிக்க ரேடியோ, டிவி நிறுவனம் விண்ணிலிருந்து எதிரி நாட்டைப் பார்ப்பதற்காக யோசித்துவைத்த ஏற்பாடு. ராணுவத்துக்குக் கட்டடமும் சாலையும் துல்லியமாகத் தெரிய வேண்டும். அந்தக் காலத்து டிவி கேமராவுக்கு அவ்வளவு கூர்மை கிடையாது. ஆனால் மேகம் ஆயிரம் கிலோமீட்டர் அகலத்துக்குப் படுத்துக் கிடக்கிறதே, அதைப் பார்க்க இந்தக் கண் தாராளம்! ராணுவத்தின் கையிலிருந்த திட்டம் 1959-ல் நாசாவுக்கு மாறியது. ஆளை வேவு பார்க்கப் புறப்பட்ட கேமரா மழையைப் பார்க்கப் போனது.

டைரோஸுக்கு முன்பு முயற்சியே இல்லையா என்றால், இருந்தது. 1959 பிப்ரவரி 17-ல் வான்கார்டு-2 என்ற சின்னக் கோளம் மேலே போனது. மேகத்தில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தை ஒளிக்கலங்களால் அளந்து மேகப்படம் செய்வது திட்டம். போய்ச் சேர்ந்த பிறகு கோளம் தள்ளாடத் தொடங்கிவிட்டது. எந்தக் கோடு எந்த இடத்தைக் காட்டுகிறது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் எக்ஸ்புளோரர்-6 பூமியின் மங்கலான ஒரு படத்தை அனுப்பியது. வாசல் வரை வந்தாகிவிட்டது. கதவைத் திறக்க ஆள் வேண்டும்.

மூடியைத் திறப்போம்

வாருங்கள், பெட்டிக்குள் எட்டிப் பார்க்கலாம். டைரோஸ்-1 எடை சுமார் 122 கிலோ. குறுக்களவு 107 சென்டிமீட்டர், உயரம் 48 சென்டிமீட்டர். வட்டம் என்று சொல்லத் தோன்றும், ஆனால் எண்ணிப் பார்த்தால் 18 பக்கங்கள். மேல்புறமும் பக்கவாட்டுகளும் முழுக்க 9,000-க்கும் மேற்பட்ட சின்னச் சின்ன சூரிய மின்கலங்கள். அவை பகலில் சேர்த்துத் தரும் மின்சாரத்தை உள்ளே பேட்டரிகள் வாங்கி வைத்துக்கொள்ளும்.

அடித்தட்டைத் திருப்பினால் இரண்டு கண்கள். ஒன்று அகலக் கண், 104 பாகைக்கு விரிந்து பார்க்கும். இன்னொன்று குறுகிய கண், ஏறக்குறைய 12 பாகைக்குள் கூர்ந்து பார்க்கும். ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு விடிகான் குழாய். அதன் முகம் அரை அங்குலம்தான்! ஷட்டர் கண் இமைக்கும் நேரத்தில் ஒரு சிறு பங்கு திறந்து மூடும். மேகத்தின் வெளிச்சம் குழாயின் முகத்தில் மின்னூட்டமாகப் பதியும். பிறகு ஓர் எலக்ட்ரான் கற்றை அந்தப் பதிவை இரண்டு விநாடியில் 500 கோடுகளாக வருடிப் படிக்கும். அந்தக் கோடுகள் ரேடியோ அலையாக மாறி, 2 வாட் சக்தியுள்ள ஒரு டிரான்ஸ்மிட்டர் வழியாகத் தரைக்கு வந்து சேரும்.

கீழே ஆன்டெனா இருந்தால் சரி. ஆப்பிரிக்கா மேலேயோ இந்துமாக்கடல் மேலேயோ போகும்போது? அங்கே கேட்பாரில்லையே! அதற்காகவே ஒவ்வொரு கேமராவுக்கும் ஒரு டேப் ரெக்கார்டர் வைத்தார்கள். 400 அடி காந்த நாடா. 30 விநாடிக்கு ஒரு படமாக 32 படங்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அமெரிக்க நிலையத்தின் பார்வைக்குள் வந்ததும் கீழிருந்து கட்டளை போகும். நாடா ஓடி 32 படங்களையும் கொட்டிவிட்டு, அடுத்த சுற்றுக்கு வெறும் நாடாவாகத் தயாராகிவிடும். ஒரு டேப் ரெக்கார்டரை ராக்கெட்டில் வைத்து அனுப்பி, அது பழுதாகாமல் வெற்றிடத்தில் முன்னும் பின்னும் ஓட வேண்டும் என்று 1960-ல் எதிர்பார்த்தார்கள், அதுவும் ஓடியது!

இன்னொன்று. இந்தப் பெட்டி அசையாமல் நிற்க வேண்டுமே, எப்படி? பம்பரம் சுற்றுகிற வரைக்கும் சாயாது இல்லையா, அதே உத்தி. ராக்கெட்டிலிருந்து கழன்று வரும்போது பெட்டி தலைகிறுகிறுக்கும் வேகத்தில் சுழலும். அந்த வேகத்தில் படம் எடுத்தால் எல்லாம் கலங்கிவிடும். அதனால் கம்பியில் கட்டிய இரண்டு எடைகளை அவிழ்த்துவிட்டார்கள். அவை விரிந்து ஓடி, வேகத்தை உறிஞ்சிக்கொண்டு கழன்று போய்விட்டன. பெட்டி நிமிடத்துக்குப் பன்னிரண்டு சுற்று போல நிதானமாகச் சுழலத் தொடங்கியது. நாளாக ஆக வேகம் குறையுமே? அதற்கும் விளிம்பில் குட்டி ராக்கெட்டுகளை ஜோடி ஜோடியாகப் பொருத்தியிருந்தார்கள். தேவைப்படும்போது ஒரு ஜோடியைக் கொளுத்தி மறுபடி சுழலவிடலாம். முன்யோசனை என்றால் இதுவல்லவா!

பங்குனி மாத மாலை 5.10

1960 ஏப்ரல் 1, வெள்ளிக்கிழமை. தமிழ்க் கணக்கில் விகாரி வருஷம், பங்குனி. அமெரிக்காவின் கேப் கனாவரலில் காலை 6.40. நம் நாட்டில் அப்போது மாலை 5.10. நத்தத்தில் வெயில் சாய்ந்துகொண்டிருந்த அந்த நேரத்தில், தோர்-ஏபிள் ராக்கெட் டைரோஸைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது. சுமார் 700 கிலோமீட்டர் உயரத்தில் ஏறக்குறைய வட்டமான பாதையில் கொண்டுபோய் விட்டது.

முதல் சுற்றிலேயே படம் வந்துவிட்டது! அமெரிக்காவின் வடகிழக்குக் கரையும் அதை ஒட்டிய கனடாவும், அவற்றின் மேல் மேகப் பட்டைகளும். கறுப்பு வெள்ளை, ஓரத்தில் மங்கல், நடுவே கோடுகள். இன்றைக்கு ஒரு பள்ளிப் பிள்ளையின் போன் இதைவிடத் தெளிவாக எடுக்கும். ஆனால் அன்று அதைப் பார்த்தவர்களுக்கு மூச்சு நின்றிருக்கும். படம் அன்றைக்கே நாசா தலைவர் கீத் கிளென்னன் கையில் ஏறி, வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி ஐசனோவரின் மேசைக்குப் போய்விட்டது.

இருட்டறையில் பிறந்த மேகப்படம்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். படத்தை எடுத்தது பெட்டி என்றாலும், அதைப் படமாக ஆக்கியது மனிதக் கைகள்.

இரண்டு தரை நிலையங்கள். ஒன்று நியூஜெர்சியில் ஃபோர்ட் மன்மத் ராணுவ வளாகத்தைச் சேர்ந்த கேம்ப் எவன்ஸ். இன்னொன்று ஹவாய்த் தீவுகளில் கயேனா முனை. நியூஜெர்சியில் 60 அடி விட்டமுள்ள கிண்ண ஆன்டெனா வானத்தைத் துருவும். பெட்டி அடிவானத்தில் எழுந்து மறுபக்கம் இறங்க ஏறக்குறைய பத்து நிமிடம். அதற்குள் கட்டளை அனுப்ப வேண்டும், நாடாவை ஓட்ட வேண்டும், 32 படங்களையும் வாங்க வேண்டும், அடுத்த சுற்றில் எங்கே எப்போது கேமராவைத் திறக்க வேண்டும் என்ற கட்டளையையும் ஏற்றிவிட வேண்டும். நினைத்தாலே வியர்க்கிறது!

வந்த சைகை ஒரு டிவித் திரையில் கோடு கோடாகப் படமாக விரியும். திரைக்கு எதிரே 35 மில்லிமீட்டர் ஃபிலிம் கேமரா நிற்கும். ஆமாம், விண்வெளியிலிருந்து வந்த படத்தைத் திரையிலிருந்து ஃபிலிமில் போட்டோ பிடித்தார்கள். ஃபிலிமை இருட்டறைக்கு எடுத்து ஓடிக் கழுவினார்கள். ஈரம் காய்ந்ததும் வானிலை ஆய்வாளர்கள் மேசையில் விரித்து உட்கார்ந்தார்கள்.

அங்கேதான் பெரிய புதிர். படத்தில் வடக்கு எது? பெட்டி சுழன்றுகொண்டே அல்லவா படம் எடுத்தது! அதற்காகப் பக்கவாட்டில் சூரியனைப் பார்க்கும் உணரிகளை வைத்திருந்தார்கள். படம் எடுத்த நொடியில் சூரியன் எந்தப் பக்கம் இருந்தது என்பதை வைத்துத் திசையைக் கண்டுபிடிப்பார்கள். கடற்கரையோ ஆறோ மேகத்தின் இடையே தெரிந்தால் கொண்டாட்டம். அதைப் பிடித்துக்கொண்டு அட்சரேகை, தீர்க்கரேகைக் கட்டங்களைக் கையால் போடுவார்கள். கட்டத்துக்குள் மேகங்களை ஒவ்வொன்றாக வரைபடத்துக்கு மாற்றுவார்கள். அந்தக் கைவரைபடம் ஃபேக்ஸ் வழியாக வாஷிங்டன் அருகே இருந்த வானிலை மையத்துக்குப் பறக்கும். செயற்கைக்கோள் படம் என்றாலே எந்திரம் தானாகத் தள்ளும் படம் என்று நாம் நினைக்கிறோம். அதன் முதல் தலைமுறை பென்சிலும் ஸ்கேலும் பிடித்த விரல்களில்தான் வளர்ந்தது.

பெட்டி செய்த குறும்பும் கொடுத்த பரிசும்

டைரோஸ்-1-க்குக் குறைகள் உண்டு. அதன் அச்சு விண்வெளியில் ஒரே திசையை நோக்கி நின்றது. கண்கள் அடித்தட்டில். அதனால் ஒரு சுற்றில் கொஞ்ச தூரத்துக்குத்தான் பூமி தெரியும். உலகின் மறுபக்கம் போனால் கண்கள் வெட்டவெளியைப் பார்க்கும். பகலில் மட்டுமே படம். இரவில் பார்க்க உதவும் அகச்சிவப்புக் கருவி அடுத்த டைரோஸில்தான் ஏறியது.

இதற்கு நடுவே ஓர் அதிசயம். ஒரே திசையை நோக்க வேண்டிய அச்சு மெல்ல மெல்ல நகர்ந்தது! யார் தள்ளுகிறார்கள்? பெட்டிக்குள் ஓடும் மின்சாரம் ஒரு காந்தமாகி, பூமியின் காந்தப்புலத்தோடு இழுபறி நடத்தியிருக்கிறது. இதைப் பிழை என்று ஒதுக்கவில்லை. அடுத்த டைரோஸில் வேண்டுமென்றே ஒரு கம்பிச்சுருளைச் சுற்றி, அதில் மின்சாரம் விட்டு, பூமியின் காந்தத்தையே கைப்பிடியாக்கி அச்சைத் திருப்பினார்கள். தொந்தரவு கொடுத்ததையே வேலைக்காரனாக்கிய இந்தச் சாமர்த்தியத்தைப் படிக்கும்போதெல்லாம் கைதட்டத் தோன்றுகிறது.

ஏப்ரல் 10. பறக்கத் தொடங்கிப் பத்து நாள்கூட ஆகவில்லை. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகருக்குக் கிழக்கே நடுக்கடலில் சுருண்டு கிடந்த ஒரு புயலைப் பெட்டி பிடித்துக் கொடுத்தது. அப்படியொரு புயல் அங்கே இருப்பது அதுவரை தெரிந்திருக்கவில்லை! அடுத்த ஆண்டு டைரோஸ்-3, அட்லாண்டிக் கடலில் எஸ்தர் என்ற புயலைத் தரையிலிருந்தோ கப்பலிலிருந்தோ யாரும் சொல்வதற்கு முன்பே காட்டியது. கடலில் யாரும் பார்க்காமல் ஒரு புயல் வளர முடியும் என்ற காலம் அங்கே முடியத் தொடங்கியது.

78 நாள் வேலை. 22,952 படங்கள். அதில் 19,389 பயன்பட்டன. ஜூன் நடுவில் மின்கோளாறு வந்து கண் மூடியது.

நத்தம் அதன் படத்தில் எப்படி இருந்திருக்கும்?

இந்தக் கணக்கைப் போடாமல் என்னால் இருக்க முடியவில்லை. அகலக் கண் நேர் கீழே பார்த்தால் ஒரு படத்தில் ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர் நீள அகலம் விழும். நத்தத்தை நடுவில் வைத்து ஒரு படம் எடுத்திருந்தால்? தமிழ்நாடு முழுதும், கேரளம் முழுதும், இலங்கை முழுதும், கர்நாடகத்தில் பெரும்பகுதி, இடப்பக்கம் அரபிக்கடல், வலப்பக்கம் வங்காள விரிகுடா! தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் வந்து போகும் இரண்டு வாசலும் ஒரே படத்தில்.

குறுகிய கண்ணுக்கு ஏறக்குறைய 120 கிலோமீட்டர். அதில் நத்தத்தோடு திண்டுக்கல், சிறுமலை, மேலூர், மதுரை, சிவகங்கை அடங்கும். கொடைக்கானல் ஓரத்தில் நழுவிவிடும். நம் ஊரின் மழை எங்கிருந்து கிளம்பி எந்த வழியாக வருகிறது என்பது தரையில் நிற்கும் யாருக்கும் தெரியாது, மேலேறிப் பார்த்தால்தான் தெரியும் என்று இந்த ஒரு கணக்கு சொல்லிவிடுகிறது.

நம் பக்கத்துத் திரைமறைவு

கொடைக்கானல் நழுவியது என்று சொல்லிவிட்டு அதை அப்படியே விட மனசு வரவில்லை. காரணம், நம் திண்டுக்கல் மாவட்டத்துக்கும் வானிலைக்கும் உள்ள உறவு அங்கேதான் தொடங்குகிறது. 1876–78-ல் தென்னிந்தியாவைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்தை ஊர்கள் மறக்கவில்லை. மழை ஏன் பொய்க்கிறது, சூரியனின் கரும்புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்று தேடச் சொன்னது பஞ்சக் கமிஷன். அந்தத் தேடலில்தான் 1899-ல் கொடைக்கானல் மலையில் சூரிய ஆய்வகம் எழுந்தது. 1971 வரை அது இந்திய வானிலைத் துறையின் கீழ்தான் இருந்தது. டைரோஸ் பறந்த அதே 1960-ல் வானியலாளர் வைணு பாப்பு அதன் இயக்குநராகப் பொறுப்பேற்றார். மழையின் ரகசியத்தை வானத்திடம் கேட்க மலையேறிய மாவட்டம் நம்முடையது!

அடுத்து ஒரு பெண்மணி. பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, சி.வி. ராமனிடம் ஆராய்ச்சி செய்த அன்னா மணி. 1948-ல் வானிலைத் துறையில் சேர்ந்தார். மழைமானி, காற்றுமானி, கதிர்வீச்சுமானி என்று எல்லாம் வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த காலத்தில், நூறு வகை போலக் கருவிகளின் வரைபடங்களைத் தரப்படுத்தி இங்கேயே செய்யவைத்தார். கருவி தப்பாக அளந்தால் அளக்காமல் இருப்பதே மேல் என்பதில் விடாப்பிடியாக நின்றவர். 1963-ல் விக்ரம் சாராபாய் கேட்டுக்கொண்டபடி தும்பா ராக்கெட் தளத்தில் வானிலைக் கூடம் அமைத்ததும் அவரே.

அதே 1963. இந்துமாக்கடலை உலக நாடுகள் சேர்ந்து ஆராய்ந்த பெரும் பயணம் நடந்துகொண்டிருந்தது. அதற்காகப் பம்பாய் கொலாபா ஆய்வகத்தில் சர்வதேச வானிலை மையம் தொடங்கியது. அந்த ஆண்டு டிசம்பரில் டைரோஸ்-8 ஒரு புதுமையோடு பறந்தது. நாடாவில் சேர்த்து வைக்க வேண்டாம், எடுத்த படத்தை மெதுவாக, கோடு கோடாக, அப்போதே கீழே அனுப்பிவிடும். ஒரு படம் வர மூன்றரை நிமிடம் போல ஆகும். ஆனால் அதை வாங்க 60 அடிக் கிண்ணம் தேவையில்லை. சின்ன ஆன்டெனாவும் ரேடியோவும் ஃபேக்ஸ் கருவியும் இருந்தால் எந்த நாடும் தன் தலைக்கு மேலுள்ள மேகத்தைத் தானே பார்க்கலாம்! பம்பாயிலும் அப்படியொரு நிலையம் வந்தது. அமெரிக்கா பார்த்துச் சொல்லட்டும் என்று காத்திருந்த நிலை மாறி, நாமே பார்க்கத் தொடங்கியது 1960-களின் நடுவில்தான்.

அந்தத் தொடக்கம் எவ்வளவு அவசரமானது என்பதை 1964 டிசம்பர் 22 இரவு காட்டியது. தனுஷ்கோடி. கடல் எழுந்து வந்து ஊரை விழுங்கியது, பாம்பனிலிருந்து வந்த ரயிலை ஆட்களோடு கொண்டுபோனது. அன்று கடலின் நடுவே நடப்பதைச் சொல்லப் பெரும்பாலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கப்பல்கள்தான் இருந்தன. நாளுக்கு ஓரிரு முறை தலைக்கு மேல் கடந்து போகும் கண் போதாது, இமைக்காமல் பார்க்கும் கண் வேண்டும் என்பதற்கு இதைவிடக் கனமான காரணம் தேவையில்லை.

இமைக்காத கண்

பூமியிலிருந்து 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஏறினால், பூமி சுழலும் வேகத்திலேயே செயற்கைக்கோளும் சுற்றும். நம் வானத்தில் ஒரே இடத்தில் நிற்பதாகத் தெரியும். இன்சாட்-1ஏ 1982 ஏப்ரலில் அங்கே போனது, சில மாதங்களில் செயலிழந்தது. அடுத்து இன்சாட்-1பி. 1983 ஆகஸ்ட் 30-ல் சேலஞ்சர் விண்ணோடம் இருட்டைக் கிழித்துக்கொண்டு அதை ஏற்றிச் சென்றது. மேலே போன பிறகு சூரியத் தகடு விரிய மறுத்தது! கர்நாடகத்தின் ஹாசன் கட்டுப்பாட்டு நிலையத்தில் அந்த நாட்கள் எப்படிக் கழிந்திருக்கும்? செப்டம்பர் நடுவில் தகடு விரிந்தது. அதன்பின் வருஷக்கணக்கில் அது உழைத்தது. தூர்தர்ஷன் செய்தியின் கடைசியில் இந்திய வரைபடத்தின் மேல் வெள்ளைத் திட்டுகளை நாம் பார்த்துப் பழகியது இப்படித்தான். சென்னை வானிலை மையத்திலிருந்து ரமணன் பேசினால், “மேகம் எங்கே நிற்குதாம்?” என்று வீடே டிவி முன் கூடிய நாட்களின் வேர் இங்கே இருக்கிறது.

2002 செப்டம்பர் 12-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்தே பி.எஸ்.எல்.வி. ஏறி, வானிலைக்கென்றே இஸ்ரோ செய்த முதல் கோள் போனது. விண்வெளி வீராங்கனை கல்பனா சாவ்லா மறைந்த பின் அதற்குக் கல்பனா-1 என்று பெயர் வைத்தார்கள். பிறகு 2013-ல் இன்சாட்-3டி, 2016-ல் 3டிஆர், 2024 பிப்ரவரி 17-ல் 3டிஎஸ். கடைசியாகச் சொன்னதன் எடை 2,200 கிலோவைத் தாண்டும், டைரோஸ்-1 போலப் பதினெட்டு மடங்கு!

இதன் பலனை நத்தம் பக்கம் நேரில் கண்டிருக்கிறோம். 2018 நவம்பர் 16 அதிகாலை, நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா கரையேறியது. கடற்கரையோடு நிற்கவில்லை. புதுக்கோட்டையைச் சாய்த்துவிட்டு, நம் திண்டுக்கல் மாவட்டத்தின் வழியாக மேற்கே நடந்து கேரளம் போனது. உயிர்களையும் தென்னைகளையும் மரங்களையும் கொண்டுபோன புயல் அது. ஆனால் அது வருவது நாட்கணக்கில் முன்னதாகவே தெரிந்திருந்தது. இன்சாட்-3டி, 3டிஆர் இரண்டும் மாறி மாறிக் கால் மணிக்கு ஒரு படம் அனுப்பிக்கொண்டிருந்தன. கரையோரத்திலிருந்து 80,000-க்கும் மேற்பட்டவர்களை முன்கூட்டியே முகாம்களுக்குக் கொண்டுபோக முடிந்தது. தனுஷ்கோடி இரவுக்கும் கஜா இரவுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் அந்த மக்கள்தான்.

இனி உங்கள் முறை

இந்தக் கதையை நான் இவ்வளவு ஆசையாகச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. மேகப்படம் நமக்கு இலவசமாகக் கிடைப்பதால் அது சாதாரணமாகிவிட்டது. விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுகிறோம். அதன் பின்னால் படம் வரும் முன்பே ஓவியம் வரையவைத்த வெக்ஸ்லர் இருக்கிறார், இருட்டறையில் ஃபிலிம் கழுவிய கைகள் இருக்கின்றன, அளவு தப்பக் கூடாது என்று நின்ற அன்னா மணி இருக்கிறார், ஹாசனில் கண்விழித்தவர்கள் இருக்கிறார்கள். மனிதர்கள் சேர்ந்து செய்த நல்ல காரியங்களின் பட்டியலில் இதை மேல்வரிசையில் வைப்பேன்.

இந்திய வானிலைத் துறையின் இணையதளத்தில் இன்சாட் படங்கள் யாருக்கும் திறந்தே இருக்கின்றன, காசு கிடையாது. பகல் படத்தில் ஒரு புள்ளி ஒரு கிலோமீட்டர். நத்தம் சில புள்ளிகளுக்குள் அடங்கிவிடும், தேடிப் பிடியுங்கள். ஐப்பசி வந்ததும் வங்கக் கடலில் மேகம் திரள்வதைப் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு காட்டுங்கள். நத்தம் பக்கத்துப் பள்ளிகளின் அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ரஷ்யாவின் மீட்டியோர் வானிலைக் கோள்கள் இன்றும் 137 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் படங்களை அனுப்பிக்கொண்டிருக்கின்றன. கணினியில் செருகும் ஒரு சிறு ரேடியோவும், மாணவர்களே வளைத்துச் செய்யும் ஆன்டெனாவும் இருந்தால் பள்ளி மொட்டைமாடியிலேயே அதை வாங்கலாம். கொலாபாவில் அன்று நடந்ததை உங்கள் பிள்ளைகள் இன்று செய்யட்டும். ஒரு தரம் தாங்களே வாங்கிய மேகத்தைப் பார்த்த பிள்ளைக்கு வானத்தின் மேல் பிடித்த ஆசை ஆயுசுக்கும் விடாது.